சோறு கட்டும் தாளும் பள்ளக்காட்டு யானையும்



பெரியநீலாவணையில் இருந்து பொத்துவில் வரை எமது கரையோர ஊர்களில் இடியப்பம் அவித்தும் சோற்றுப் பார்சல் கட்டியும் குடும்பத்தைக் கொண்டு நடத்துகின்ற பெண்கள் எத்தனையோ பேர் இருக்கின்றார்கள். யுத்தத்தில் கணவனைப் பறிகொடுத்தவர்கள், காணாமல் போன மகனை இன்றும் தேடுகின்றவர்கள், சுனாமியில் வீடுவாசல் இழந்தவர்கள் எனப் பலரும் இதில் அடக்கம். பெரிய முதல் தேவைப்படாத தொழில் என்பதால்தான் இதனைத் தெரிவு செய்தார்கள். ஓர் இடியப்ப உரல், சில தட்டுகள், ஒரு பானை, சுற்றிக் கொடுக்க ஒரு கட்டு லன்ச் சீட். அவ்வளவுதான் முதலீடு.

அந்த லன்ச் சீட்தான் இப்போது பிரச்சினையாக இருக்கின்றது. கூட்டங்களுக்குப் போகும் இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வருகின்றது. "மிஸ், மரவள்ளி மாவிலயும் வாழைத்தோலிலயும் பிளாஸ்ரிக் செய்யலாமாம். மண்ணுல போட்டா மக்கிப் போகுமாம். மெசினும் எடுத்துத் தாறமெண்டு சொல்றாங்க. லோன் எடுத்துச் செய்யலாமா?" என்று கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சொல்லில் பதில் கூறிவிட முடியாது. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எமது குப்பை போகும் இடம்

அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் ஒரு குப்பைமேடு உண்டு. அயலிலுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. 2022 ஜனவரியில் அவ்விடத்தில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது அந்தச் செய்தி உலகம் முழுவதும் போனது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அந்தக் குப்பையைத் தின்று இறந்திருப்பதாக வனவிலங்கு மிருக வைத்தியர் ஒருவர் அப்போது தெரிவித்தார். இறந்த யானைகளின் வயிற்றைப் பரிசோதித்தபோது பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் தண்ணீருமே காணப்பட்டன. யானை வழமையாகத் தின்னும் தீனி எதுவும் அங்கே இருக்கவில்லை.

யானை பொலித்தீனுக்காகக் குப்பைமேட்டுக்கு வருவதில்லை. அதில் ஒட்டியிருக்கும் சோற்றுக்காகவும் கறிக்காகவும் பழத்தோலுக்காகவும் வருகின்றது. நாம் மிஞ்சிய சோற்றை லன்ச் சீட்டோடு சுருட்டி, சொப்பிங் பேக்கில் போட்டு, இறுக முடிச்சுப் போட்டுப் படலையடியில் வைக்கின்றோம். அந்த முடிச்சை அவிழ்க்க யானையால் முடியாது. பையோடு சேர்த்து விழுங்கிவிடுகின்றது. விழுங்கிய பொலித்தீன் செமிப்பதில்லை. அது குடலில் தங்கி அடைத்துக் கொள்கின்றது. பின்னர் உணவும் இறங்காமல் நீரும் இறங்காமல் அந்தப் பெரிய உயிர் மெலிந்து விழுகின்றது.

யானை எமது வேளாண்மையை அழிக்கின்ற மிருகம்தானே என்று சிலர் நினைக்கக்கூடும். குப்பைக்குப் பழகிய யானை காட்டுக்குத் திரும்புவதில்லை, குப்பைமேட்டைச் சுற்றியே தங்கிவிடுகின்றது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். பள்ளக்காட்டிலும் அதுதான் நடந்தது. அயலில் குடியிருக்கும் மக்கள் அந்தியானால் வெளியே இறங்கப் பயந்தார்கள். அதே பொலித்தீன் மாரி மழைக்கு வடிகானை அடைத்து நீரைத் தேக்கும்போது நுளம்பு பெருகி, டெங்கு வருவது எமது பிள்ளைகளுக்குத்தான்.

எனவே நாம் முடிச்சுப் போட்டு வெளியே வைக்கும் பையில் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று மண்ணுக்கு உரமாகக்கூடிய உணவுக் கழிவு. மற்றது மக்காத பொலித்தீன். இரண்டும் சேர்ந்ததால்தான் கேடு வந்தது. உணவுக் கழிவில் இருந்தே சுற்றும் தாளைச் செய்துவிட்டால் இந்தக் கேடு தீருமே என்ற எண்ணம் அதனால்தான் கவர்ச்சியாக இருக்கின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது?

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் அதே ஆண்டு செப்டெம்பர் 1 முதல் பொலித்தீனால் செய்த லன்ச் சீட், ரெஜிபோம் சோற்றுப் பெட்டி முதலியவை வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் கப், தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ, பிளாஸ்ரிக் பூமாலை ஆகியவற்றோடு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுப்பதும் நிறுத்தப்பட்டு, அதன் விலை பில்லில் போடப்படுகின்றது.

2017ஆம் ஆண்டுத் தடை பொலித்தீன் லன்ச் சீட்டுக்கு உரியது. மக்கும் பொருளால் செய்த தாளுக்கு இடம் இருந்தது. அந்த வழியால் "மக்கும் லன்ச் சீட்" என்ற பெயரில் பல தாள்கள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் எது உண்மை, எது பெயருக்கு மட்டும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பரிசோதகர் வந்தால் முதலில் பதில் கூற வேண்டியவர் அதைக் கையில் வைத்திருக்கின்ற பெண்தான். ஆகவே அது என்ன பொருள் என்று நாம் தெரிந்துகொள்வது வயிற்றுப் பிழைப்போடு தொடர்புபட்ட விடயம்.

மா எப்படிப் பிளாஸ்ரிக் ஆகின்றது?

பிளாஸ்ரிக் எல்லாமே மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனவை. பொலித்தீனின் சங்கிலி நிலத்தடி எண்ணெயிலும் வாயுவிலும் இருந்து செய்யப்படுகின்றது. அதை அறுத்துத் தின்ன மண்ணில் உள்ள கிருமிகளுக்குத் தெரியாது. அரிசி, மரவள்ளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் உள்ள மாப்பொருளும் நீண்ட சங்கிலிதான். ஆனால் அது சீனி மணிகளைக் கோத்த மாலை. கிருமிகளுக்கு அது உணவு. ஆகவே மண்ணில் போட்டால் தின்று முடித்துவிடும்.

இது எமக்குப் புதிய விடயமும் அல்ல. கஞ்சி ஆறும்போது மேலே ஓர் ஆடை படிகின்றதே, அது மாப்பொருள் சங்கிலிகள் பின்னிக்கொண்டு உண்டான மெல்லிய தாள். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்பதும், மருதமுனையில் நெசவாளர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும் அந்தப் பிணைப்பை நம்பித்தான்.

விருப்பமானவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாடசாலை செல்லும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. அடிபட்ட, விற்க முடியாத மரவள்ளிக் கிழங்கு அல்லது உருளைக்கிழங்கைத் துருவி, நீரில் பிசைந்து, துணியில் வடியுங்கள். வடித்த நீரை ஒரு மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மேலே தெளியும் நீரை ஊற்றிவிட்டால் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது மா.

2. அந்த மாவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, 4 மேசைக்கரண்டி நீர், ஒரு தேக்கரண்டி வினாகிரி, பாமசியில் வாங்கிய கிளிசரின் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கலக்குங்கள்.

3. மெல்லிய நெருப்பில் வைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் பால்போல் இருக்கும். பிறகு தடித்துக் கண்ணாடிபோல் தெளிந்த பசையாகும். அப்போது இறக்குங்கள்.

4. எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரவி, காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் காயவிட்டு உரித்தெடுங்கள்.

சூட்டிலே மாவின் மணிகள் வீங்கி உடைந்து சங்கிலிகள் வெளியே வருகின்றன. வினாகிரியின் புளிப்பு, கிளைவிட்ட சங்கிலிகளை வெட்டி நேராக்குகின்றது. அதனால் தாள் சீராக வருகின்றது. கிளிசரின் சங்கிலிகளுக்கு நடுவில் நின்று ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவிடுகின்றது. அதனால் தாள் வளைகின்றது. கிளிசரின் போடாவிட்டால் காய்ந்த அப்பளம்போல் நொறுங்கிவிடும். கூடப் போட்டால் ஈரம் உறிஞ்சி ஒட்டும்.

அதில் சோறு கட்டலாமா?

கட்ட முடியாது. செய்து முடித்ததும் சுடுசோறும் ஆணமும் வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் தாள் இளகி, சோற்றோடு சேர்ந்து பசையாகிவிடும். மாப்பொருளுக்கு நீர் என்றால் விருப்பம். மக்குவதற்குக் காரணமான அதே குணம்தான் ஈரத்தைத் தாங்கவிடாமல் செய்கின்றது. எமது கரையோரத்துக் காற்றின் ஈரத்துக்கே சில நாளில் அது பூஞ்சணம் பிடிக்கும்.

கிளிசரின் பற்றியும் ஒரு வார்த்தை. அது தாவர எண்ணெயில் இருந்தும் கிடைக்கின்றது, விலங்குக் கொழுப்பில் இருந்தும் கிடைக்கின்றது. உணவைத் தொடும் பொருளில் சேர்ப்பதானால் எமது ஊர்களில் ஹலாலா என்ற கேள்வி முதலில் எழும். விற்பவரிடம் நாமும் அதைக் கேட்க வேண்டும்.

இந்தக் குறையைப் போக்கத்தான் தொழிற்சாலைகளில் வேறு வழி தேடினார்கள். மாவைச் சீனியாக்கி, சீனியைக் கிருமிகளால் புளிக்க வைத்து, தயிரில் உள்ளது போன்ற லக்ரிக் அமிலத்தைப் பெற்று, அதனை மீண்டும் சங்கிலியாகக் கோக்கின்றார்கள். அதற்குப் பெயர் பொலிலக்ரிக் அமிலம். சுருக்கமாகப் பி.எல்.ஏ. என்பார்கள். கண்ணாடிபோல் தெளிவான கப், தட்டு, தாள் எல்லாம் அதில் செய்கின்றார்கள். ஈரத்தைத் தாங்கும். இன்னொரு வகையைக் கிருமிகளே தமது உடலுக்குள் கொழுப்புப்போல் சேமிக்கின்றன. அதனை மொரிஸ் லெமுவான் என்ற விஞ்ஞானி 1920களில் கண்டறிந்தார். பி.எச்.ஏ. எனப்படும் அந்த வகை கடல் நீரிலும் மக்கக் கூடியது. ஆனால் செலவு அதிகம். இவை இரண்டும் பெரிய தொட்டிகளும் ஆய்வுகூடமும் உள்ள தொழிற்சாலையில் செய்பவை. அடுப்படியில் செய்பவை அல்ல.

"மக்கும்" என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. இதனைத்தான் நாம் அழுத்தமாக மனதில் கொள்ள வேண்டும். மக்கும் என்ற சொல்லுக்குப் பின்னால் எங்கே, எவ்வளவு காலத்தில் என்ற இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

பி.எல்.ஏ. மக்குவதற்கு ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பம், ஈரம், காற்று ஆகிய மூன்றும் பல வாரங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். அது பெரிய பசளைத் தொழிற்சாலைகளில் கிடைக்கின்ற சூழல். எமது வளவுக் குழியிலோ கடற்கரை மணலிலோ கிடைக்காது. 2023இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் பி.எல்.ஏ. துணியைக் கடல் நீரில் 428 நாட்கள் கட்டிவைத்துப் பார்த்தார்கள். அது மக்கியதற்கான அடையாளமே இருக்கவில்லை. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில் "மக்கும்" என எழுதிய ஒரு வகைப் பை மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பின்னரும் சாமான் தூக்கக்கூடிய பலத்தோடு இருந்தது. பசளையாகும் என எழுதிய இன்னொரு பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. அதே பை மண்ணிலோ 27 மாதங்கள் கழித்தும் கிடந்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் மக்கும், இன்னோரிடத்தில் மக்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இன்னொரு வகை முழு ஏமாற்று. சாதாரணப் பொலித்தீனில் ஒருவித உலோக உப்பைக் கலந்துவிடுகின்றார்கள். வெயில் பட்டதும் அது பொடிப்பொடியாக உதிரும். பார்ப்பவர் மக்கிவிட்டது என்று நினைப்பார். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத துகளாகி மண்ணிலும் மீனின் வயிற்றிலும் சேர்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையை 2021 ஜூலையில் இருந்து தடை செய்துவிட்டது.

வாங்கமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பொதியில் தரக்குறி இருக்கின்றதா? ஈ.என். 13432, ஏ.எஸ்.டி.எம். டி6400 என்பவை தொழிற்சாலைப் பசளையில் மக்குவதற்கான தரங்கள். வீட்டுப் பசளைக் குழியில் மக்கும் என்பதற்கு வேறு சான்றிதழ் உண்டு. வெறும் பச்சை இலைப் படம் தரக்குறி ஆகாது.

இரண்டாவது, வெளியில் வைத்து ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பொலித்தீன் உருகிச் சொட்டும், மெழுகுதிரி மணக்கும். மாத்தாள் கடதாசிபோல் எரிந்து, கருகிய பாண் மணக்கும். பி.எல்.ஏ.யும் உருகும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

மூன்றாவதுதான் நம்பகமானது. மூன்று பூச்சாடிகளில் ஈரமண் நிரப்பி, ஒன்றில் வாழையிலைத் துண்டு, ஒன்றில் சொப்பிங் பேக் துண்டு, ஒன்றில் நீங்கள் வாங்கிய "மக்கும்" தாள் ஆகியவற்றைப் புதையுங்கள். மாதம் ஒருமுறை கிளறிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாள் வாழையிலையின் பக்கம் நிற்கின்றதா, சொப்பிங் பேக்கின் பக்கம் நிற்கின்றதா என்று உங்கள் கண்ணே சொல்லும். மாதர் சங்கம் ஒன்று சேர்ந்து இதைச் செய்தால் ஊருக்கே பிரயோசனமாக இருக்கும்.

உண்ணும் மாவா, எறியும் கழிவா?

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022இல் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. உண்ணக்கூடிய மாவை வாங்கிப் பிளாஸ்ரிக் செய்வது கழிவில் செய்வதாகாது. அது சோற்றை எடுத்துச் சோற்றுத்தாள் செய்வது. எது உண்மையில் கழிவு என்று பார்த்தே தொடங்க வேண்டும்.

எமது மாவட்டம் நெல்லுக்குப் பெயர்போனது. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி வருகின்றது. கடல் பக்கம் மீன் செதிலும் தோலும் இறால் ஓடும் குவிகின்றன. இவற்றை வைத்து ஆய்வுகூடங்களில் செய்யப்பட்டவற்றுள் பெண்களின் பங்கு பெரியது. துருக்கியைச் சேர்ந்த எலிப் பில்கின் என்ற 16 வயது மாணவி வாழைப்பழத் தோலில் இருந்து பிளாஸ்ரிக் செய்து 2013இல் சர்வதேசப் பரிசு பெற்றார். இரண்டு ஆண்டுகள் பலமுறை தோற்றுத்தான் அவர் அதனைச் செய்தார். இங்கிலாந்தில் லூசி ஹியூஸ் என்ற மாணவி மீன் செதில், மீன் தோல், கடற்பாசி ஆகியவற்றில் இருந்து மெல்லிய தாளைச் செய்து 2019இல் ஜேம்ஸ் டைசன் விருது பெற்றார். வீட்டுப் பசளையில் 4 முதல் 6 வாரத்தில் அது மக்கும். ஒரு கொட் மீனின் கழிவில் 1,400 பைகள் செய்யலாம் என்பது அவரது கணக்கு. மெக்சிக்கோவில் பேராசிரியை சாண்ட்ரா பஸ்கோ ஒர்டிஸ் கள்ளிச் சாற்றில் இருந்து தாள் செய்தார். இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளில் இருந்தும் தாள் செய்ய முடியும் என்று நிரூபித்திருக்கின்றார்கள்.

இவை எல்லாம் உண்மை. ஆனால் ஆய்வுகூடத்தில் வென்ற பொருள் கடைத்தெருவுக்கு வருவதற்கு இடையில் பல ஆண்டுகளும் பெரும் பணமும் தேவைப்படும். அந்த இடைவெளியைக் கடக்கும் சுமையைத் தலையில் குடும்பம் சுமக்கின்ற பெண் ஏற்கக் கூடாது. பல்கலைக்கழகமும் அரசாங்கமும்தான் ஏற்க வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கின்றது. எமது பிள்ளைகள் அங்கே படிக்கின்றார்கள். உமியையும் இறால் ஓட்டையும் வைத்து ஆராயுங்கள் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

லோன் எடுக்கமுன்

சுனாமிக்குப் பின்னர் எமது வீடுகளுக்கு எத்தனை தையல் இயந்திரங்கள் வந்தன என்று நினைத்துப் பாருங்கள். பயிற்சியும் தந்தார்கள், இயந்திரமும் தந்தார்கள். தைத்ததை யார் வாங்குவார்கள் என்பதற்கு மட்டும் பதில் இருக்கவில்லை. பல வீடுகளில் அவை துணி போர்த்தி மூலையில் இருக்கின்றன. அவை இலவசமாக வந்தவை. கடனுக்கு வந்த இயந்திரம் மூலையில் இருக்காது. வாராவாரம் வாசலில் வந்து நிற்கும். எனவே யாராவது மக்கும் தட்டு, மக்கும் தாள் செய்யும் இயந்திரம் என்று வந்தால் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. மூலப்பொருள் எங்கிருந்து வரும்? கமுகம் மட்டைத் தட்டு நல்ல பொருள். மட்டையைக் கழுவிச் சூடாக அழுத்தினாலே தட்டாகிவிடும், பசை தேவையில்லை. ஆனால் கமுகு செழிப்பது கேகாலை போன்ற ஈர வலயத்தில். எமது பக்கத்துக்கு ஏற்றிவரும் லொறிக் கூலியை யார் கொடுப்பது?

2. யார் வாங்குவார்கள்? "நாங்களே வாங்கிக் கொள்வோம்" என்பது வாய்ச்சொல்லா, விலையும் காலமும் எழுதிக் கையொப்பம் வைத்த பத்திரமா? வெளிநாட்டு ஓடர் என்று சொன்னால் இன்னும் கவனம் தேவை. பாக்கில் உள்ள பொருட்கள் உணவில் கலக்கக்கூடும் என்று கூறி, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025இல் கமுகம் மட்டைத் தட்டுகளை உணவுக்கு ஏற்றவை அல்ல என அறிவித்துவிட்டது.

3. உணவுக்குப் பாதுகாப்பானது என்பதற்கு ஆய்வுகூட அறிக்கை இருக்கின்றதா? யாருடைய பெயரில் இருக்கின்றது?

4. மாரி காலத்தில் என்ன செய்வது? மாத்தாள் காய வெயிலும் காற்றும் வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எமக்கு மழை. மின்சாரத்தில் காயவைத்தால் பில் எவ்வளவு வரும்?

5. முதல் தவணை எப்போது கட்ட வேண்டும், முதல் வருமானம் எப்போது வரும்? இரண்டுக்கும் இடையில் எத்தனை வாரம்? உங்களுக்காகப் பிணை நிற்கின்ற சகோதரிகளுக்கு அது தெரியுமா?

இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் இல்லாவிட்டால் கையொப்பம் வைக்க வேண்டாம், நகையை அடகு வைக்க வேண்டாம். இதுவே எனது பதில். பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பத்திரங்களைக் காட்டி விளக்கம் கேட்ட பின்னர் தீர்மானியுங்கள்.

இன்றைக்கே செய்யக் கூடியவை

அப்படியானால் இடியப்பத்தை எதில் சுற்றுவது? குளங்களில் தாமரை இருக்கின்றது. அதன் இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது பிள்ளைக்கும் தெரியும். நன்றாகக் கழுவித் துடைத்த தாமரை இலையிலும் வாட்டிய வாழையிலையிலும் இடியப்பத்தையும் சோற்றையும் தாராளமாகச் சுற்றலாம். உணவில் நேரடியாகப் பத்திரிகைத் தாள் படக்கூடாது. அதன் மை உடம்புக்குக் கூடாது. சொதிக்கும் ஆணத்துக்கும் இலை உதவாது. அதற்குப் பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டு வருபவருக்கு ஓர் இடியப்பம் கூடப் போட்டால் அடுத்த வாரம் பத்துப் பேர் கொண்டு வருவார்கள். லன்ச் சீட்டுக்குக் கொடுத்த காசும் மிஞ்சும். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பிள்ளைகளிடம் தூக்குச்சட்டி கொடுத்து அனுப்புவதும் இப்படித்தான். கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டுப் பழகிய எமக்கு எறியும் தட்டு எதற்கு என்றும் யோசிக்க வேண்டும்.

சொப்பிங் பேக்குக்குக் காசு கொடுக்க வேண்டி வந்ததால் துணிப் பைக்கு இப்போது கேள்வி இருக்கின்றது. மூலையில் இருக்கின்ற தையல் இயந்திரத்துக்கு இது ஒரு சந்தர்ப்பம். மருதமுனைக் கைத்தறியின் வெட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் உறுதியும் அழகும் கூடிய பை கிடைக்கும். முதலில் பத்துப் பை தைத்து, பக்கத்துக் கடையில் வைத்து, விற்றால் மட்டும் இருபது தையுங்கள். இதற்குக் கடன் தேவையில்லை.

மாப்பசை செய்யப் பழகியவர்கள் அதில் உமியும் தும்புத்தூளும் பிசைந்து, ஒரு கப்பின் உட்புறம் அழுத்திக் காயவைத்துப் பாருங்கள். நாற்று வளர்க்கும் சிறு சாடியாகும். மிளகாய், கத்தரி நாற்றைச் சாடியோடு மண்ணில் நட்டுவிடலாம். வேர் அறாது, கறுத்தப் பொலித்தீன் பையும் வேண்டாம். ஈரம் பட்டால் இளகும் என்ற குறை இங்கே நன்மையாகின்றது. முதலில் வீட்டுத் தோட்டத்துக்குச் செய்து பார்த்து, சரிவந்தால் பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதலாக, குசினியில் இரண்டு வாளி வையுங்கள். சோறு, தோல், மீன் செதில் ஒன்றில். பொலித்தீன், பிளாஸ்ரிக் மற்றதில். முதல் வாளியை வளவில் ஒரு குழி வெட்டி மண்ணால் மூடினால் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் பசளை. இடமில்லாத வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு குழி வெட்டலாம். இரண்டாவது வாளியைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் அதில் யானைக்கு மணக்க எதுவும் இருக்காது. மாநகர சபை வாகனம் பிரித்த குப்பையைப் பிரித்தே ஏற்ற வேண்டும் என்பதை மாதர் சங்கத்தின் பெயரில் கடிதமாக எழுதிக் கேளுங்கள். நாம் பிரித்ததை அவர்கள் ஒன்றாகக் கொட்டினால் கேட்பதற்குக் கையில் ஒரு கடிதம் இருக்கட்டும்.

மூன்று சாடிப் பரீட்சையைச் செய்கின்ற சங்கங்கள் என்ன கண்டீர்கள், எந்தத் தாள் மக்கியது, எது அப்படியே கிடந்தது என்பதை இப்பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். மற்றைய ஊர்ச் சகோதரிகளும் அறிந்துகொள்ள அவற்றைப் பிரசுரிப்போம். அடுத்த மாதம் சந்திப்போம்.